வெளியூரிலிருந்து வீட்டு ரவுட்டரை அணைத்துப் போட ஸ்மார்ட் ப்ளக் போதுமா?

நங்கநல்லூர் வீட்டில் பெற்றோர் இருவர் மட்டும் இருக்கிறார்கள். நீங்கள் புனேயில் வேலை பார்க்கிறீர்கள். ஃபைபர் ரவுட்டர் அவ்வப்போது முடங்கிவிடுகிறது. ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிறது, ஆனால் அது பரணை ஒட்டி உயரத்தில் இருப்பதால் எழுபதைக் கடந்த அப்பாவை ஸ்டூல் மேல் ஏறச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. இதோடு கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியும், குடும்பப் படங்களைச் சேமிக்கும் சிறிய என்.ஏ.எஸ். (வீட்டு வலையில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஒன்றும் இருக்கின்றன. இவற்றுக்கு ஸ்மார்ட் ப்ளக் மாட்டிவிட்டால் கைபேசியிலிருந்தே அணைத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டி.வி.ஆருக்கு முடியும். என்.ஏ.எஸ்.ஸுக்கு முடியும், ஆனால் செய்யக் கூடாது. ரவுட்டருக்கு, நீங்கள் நினைத்திருக்கும் விதத்தில், முடியாது. மூன்றில் ரவுட்டர்தான் சிக்கலானது என்பதால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்மார்ட் ப்ளக்கின் உள்ளே இருப்பது ஒரு ரிலே (மின்பாதையைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), அதை இயக்கும் ஒரு வைஃபை சில்லு, இவற்றுக்கு மின்சாரம் தரும் ஒரு சிறு சுற்று, இவ்வளவுதான். அது வீட்டு வைஃபையில் சேர்ந்துகொண்டு, தயாரிப்பாளரின் சர்வரோடு எப்போதும் ஒரு தொடர்பைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் புனேயில் செயலியைத் தொட்டதும் கட்டளை அந்த சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் வீட்டு ஃபைபர் வழியாக ரவுட்டருக்கு வந்து, ரவுட்டரின் வைஃபையிலிருந்து ப்ளக்கை அடைகிறது. அணைக்கும் கட்டளை வந்து சேர்ந்தவுடன் ரிலே திறக்கிறது, ரவுட்டர் அணைகிறது, அதோடு அடுத்த கட்டளை வருவதற்கான பாதையும் அறுந்துபோகிறது. அதன்பிறகு எத்தனை முறை தொட்டாலும் ப்ளக்குக்கு எதுவும் போய்ச் சேராது. நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டிய கதைதான். ப்ளக்கின் மேலுள்ள பொத்தானை யாராவது கையால் அழுத்தினால்தான் ரவுட்டர் மீண்டும் எழும். அந்தப் பொத்தானும் பரணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதன் மறுபாதியைப் பலர் யோசிப்பதில்லை. ரவுட்டர் உண்மையிலேயே முடங்கிக் கிடக்கும் வேளையில் அணைக்கும் கட்டளைகூடப் ப்ளக்கை எட்டாது. அதாவது, இணையம் ஒழுங்காக வேலை செய்யும்போது மட்டுமே உங்களால் ரவுட்டரை அணைக்க முடியும். தேவைப்படும் நேரத்தில் முடியாது. ஆகவே ரவுட்டரை அணைத்துப் போடும் கருவிக்கு இரண்டு தகுதிகள் கட்டாயம் வேண்டும். அணைத்த பிறகு யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தானே மீண்டும் போட வேண்டும். இணையம் போய்விட்டது என்பதையும் வெளியிலிருந்து யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடிக்க வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் காட்டப்படும் ப்ளக்குகள் பலவற்றில் முதல் தகுதி அரைகுறையாக இருக்கும், இரண்டாவது இருக்கவே இருக்காது.

முதல் தகுதி எளிது. அணை என்பதையும் 20 விநாடி கழித்துப் போடு என்பதையும் ஒரே கட்டளையாக ப்ளக்குக்குள்ளேயே ஏற்றிவிட்டால் போதும். ஷெல்லி நிறுவனத்தின் கருவிகளில் ரிலேயை மாற்றும் கட்டளையோடு, இத்தனை விநாடியில் பழைய நிலைக்குத் திரும்பு என்ற நேரத்தையும் சேர்த்தே அனுப்பலாம். டாஸ்மோட்டா என்ற திறந்த மூல மென்பொருள் ஏற்றிய ப்ளக்குகளில், இடையில் தாமதம் வைத்துக் கட்டளைகளை வரிசையாக ஒரே தடவையில் கொடுக்கலாம். சோனாஃப் கருவிகளில் இதற்கு இன்ச்சிங் என்று பெயர். வாங்குமுன் அந்த மாடலில் இன்ச்சிங் போட்டதை அணைக்க மட்டும்தான் பயன்படுமா, அணைத்ததைப் போடவும் பயன்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நமக்கு வேண்டியது இரண்டாவது. இணையம் முற்றிலும் போகாமல் மந்தமாகிக் கிடக்கும் நாட்களில் இந்த ஏற்பாடு கைகொடுக்கும். முழு முடக்கத்துக்கு உதவாது.

இரண்டாவது தகுதிக்குப் போகுமுன், அணைத்துப் போடுவதுதான் சரியான வைத்தியமா என்று பார்த்துவிட வேண்டும். முடங்கியிருக்கும்போது ரவுட்டரின் முகப்பு விளக்குகளை அப்பாவைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்திருப்பார்கள், அல்லது மாடியில் எலி கடித்திருக்கும். அதற்கு ஆயிரம் முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை. பான் (PON) விளக்கு நிலையான பச்சையில் இருந்து, இணையம் மட்டும் இல்லையென்றால்தான் ரவுட்டருக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். விளக்குகள் மங்கி மங்கி எரிந்தாலோ, ரவுட்டர் தானாகவே அணைந்து எழுந்தாலோ, முதலில் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்கு அரை அடி கீழே, அக்கினி நட்சத்திரத்தின் வெயிலை மேலிருந்து வாங்கிக்கொண்டு நாள் முழுவதும் ஓடும் மலிவான 12 வோல்ட் அடாப்டரில் மின்தேக்கிகள் சில ஆண்டுகளிலேயே வறண்டுவிடுகின்றன. அதே வோல்ட்டும் அதே அல்லது கூடுதலான ஆம்பியரும் உள்ள புதிய அடாப்டர் ஒன்றை மாற்றிப் பார்ப்பது ஸ்மார்ட் ப்ளக்கைவிட மலிவு. ரவுட்டரையே பரணிலிருந்து இறக்கிக் கண்ணெதிரே காற்றோட்டமாக வைக்க முடிந்தால் இந்தக் கேள்வியின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஃபைபர் கம்பியை இரண்டு மீட்டர் நீட்டிக் கொடுக்க நிறுவனத்தின் ஆளிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில் ரவுட்டருக்குப் போகும் மின்னழுத்தம் சில சமயம் முழுவதுமாக இறங்காமல் பாதி இறங்கி மீள்கிறது. முழுவதும் போயிருந்தால் ரவுட்டர் ஒழுங்காக மறுபடி தொடங்கியிருக்கும். பாதி இறங்கி மீண்டதால் உறைந்து நிற்கிறது. உங்கள் ரவுட்டர் முடங்கும் நாட்களும் மின்தடை வந்துபோகும் நாட்களும் ஒத்துப்போகின்றனவா என்று பெற்றோரிடம் விசாரியுங்கள். ஒத்துப்போனால், இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். என்றும் நார்மல் அல்லது ஈகோ என்றும் மாற்றிக்கொள்ளும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் பின்புறமாக இருக்கும். யு.பி.எஸ். நிலையில் மாற்றம் விரைவாக நடக்கும். அதைத் திருப்பி வைத்ததுமே முடக்கம் நின்றுபோக வாய்ப்பிருக்கிறது.

இவற்றைப் பார்த்த பிறகும் ரவுட்டர் முடங்குகிறது என்றால், காசு செலவில்லாத ஒரு வழி மிச்சமிருக்கிறது. பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்திலேயே குறித்த நேரத்தில் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் வசதி இருக்கும். அதிகாலை 4 மணிக்குத் தினமும் ஒருமுறை என்று வைத்துவிட்டால், நாள்பட நாள்பட நினைவகம் நிறைந்து முடங்கும் வகை ரவுட்டர்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த வசதி இல்லாவிட்டால் கால அட்டவணை போட்ட ஸ்மார்ட் ப்ளக் அதே வேலையைச் செய்யும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ப்ளக்குகளுக்குள் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்தடைக்குப் பின் அவை நேரத்தை இணையத்திலிருந்துதான் தெரிந்துகொள்கின்றன. இணையம் இல்லாத நிலையில் விழித்தெழுந்த ப்ளக்குக்கு மணி 4 என்பதே தெரியாது. இந்த ஒரு விஷயத்தில், பல் சக்கரம் சுற்றும் பழைய 24 மணி நேர டைமர் ப்ளக் மேலானதுபோல் தோன்றும். ஆனால் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் அதுவும் நின்றுவிடுவதால், சில மின்தடைகளுக்குப் பிறகு அதன் அதிகாலை 4 மணி காலை 10 மணிக்கு வரும்.

இனி இரண்டாவது தகுதி. இதைக் காவல் ஏற்பாடு என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் பெயரிட்டவர்கள் இதைக் காவல்நாய் என்கிறார்கள். ப்ளக் தானே குறித்த இடைவெளியில் வெளியுலகில் உள்ள ஏதாவது ஒரு முகவரியைத் தொட்டுப் பார்க்கிறது. பதில் வந்தால் சும்மா இருக்கிறது. தொடர்ந்து பதில் வராவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுகிறது. கேட்க எளிதாக இருக்கும் இதில் எண்களைத் தவறாக வைத்தால் ரவுட்டர் நாள் முழுவதும் அணைந்து எழுந்துகொண்டே இருக்கும்.

எந்த முகவரியைத் தொட்டுப் பார்ப்பது என்பது முதல் முடிவு. ஒரே ஒரு முகவரியை ஒருபோதும் நம்பாதீர்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 1.1.1.1 என்ற முகவரி சாகாவரம் பெற்றது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, 2025 ஜூலையில், நம் நேரப்படி 15ஆம் தேதி அதிகாலை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அது உலகம் முழுவதும் எட்டாமல் போனது. அதை மட்டும் நம்பியிருந்த காவல் ஏற்பாடுகள் எந்தக் குற்றமும் செய்யாத ரவுட்டர்களை அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப அணைத்திருக்கும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 ஆகியவற்றில் குறைந்தது இரண்டை வைத்து, இரண்டுமே பதிலளிக்காதபோது மட்டும் தோல்வி என்று கணக்கிட வேண்டும். வைஃபையே கிடைக்கவில்லை என்றால் அதுவும் தோல்விதான். சில நிரல்கள் வைஃபை இல்லாதபோது சோதனையையே நிறுத்திவிடுகின்றன. ரவுட்டர் முழுதாக உறையும்போது முதலில் போவது பெரும்பாலும் அந்த வைஃபைதான் என்பதால், உங்கள் நிரல் என்ன செய்கிறது என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பொறுமை. நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்து, தொடர்ந்து 10 முறை தோற்றால் மட்டும் அணைக்கச் சொல்வேன். 2 நிமிடத்திலேயே அணைக்கும்படி சிலர் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இணைய நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த ரவுட்டருக்குத் தொலைவிலிருந்தே புதிய மென்பொருளை ஏற்றுகின்றன, பெரும்பாலும் இரவில். அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் மின்சாரத்தை வெட்டினால் ரவுட்டர் திரும்ப எழாமலே போகலாம். அந்த வேலை முடிய இடம் கொடுக்கத்தான் 10 நிமிடம். அணைத்த பின் 20 முதல் 30 விநாடி காத்திருக்க வேண்டும். அடாப்டரின் மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் ரவுட்டர் உண்மையில் அணைந்ததாகும். 2 விநாடியில் திரும்பப் போட்டால் மேலே சொன்ன பாதி இறக்கக் கோளாற்றை நாமே உண்டாக்கியவர்களாவோம். போட்ட பிறகு குறைந்தது 5 நிமிடம் எந்தச் சோதனையும் கூடாது. ஃபைபர் ரவுட்டர் எழுந்து, நிறுவனத்தின் மறுமுனைக் கருவியோடு பதிவு செய்து, முகவரி வாங்கி, வைஃபையை ஒலிபரப்புவதற்குள் அவ்வளவு நேரம் ஆகிவிடலாம். முதல் முறை பலிக்காவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரமும், அதற்கடுத்ததற்கு 2 மணி நேரமும் விடச் சொல்லுங்கள். கேபிள் அறுந்துதான் கிடக்கிறது என்றால் ரவுட்டரை மேலும் மேலும் அடிப்பதில் அர்த்தமில்லை.

இந்தத் திறன் எந்தக் கருவியில் இருக்கிறது? தரவு மையங்களில் இதே வேலையைச் செய்ய வலைவழிக் கட்டுப்பாடு கொண்ட மின் பகிர்வுப் பட்டைகள் வெகுகாலமாக இருக்கின்றன, ஏ.பி.சி. போன்ற நிறுவனங்கள் செய்பவை. வீட்டுக்கு அவை விலையிலும் பருமனிலும் அதிகம். அமெரிக்காவின் டிஜிட்டல் லாகர்ஸ் நிறுவனம் செய்யும் வெப் பவர் ஸ்விட்ச் என்ற கருவியில் பதில் வராவிட்டால் தானே அணைத்துப் போடும் வசதி பிறவியிலேயே உண்டு; ஆனால் அது வட அமெரிக்கத் துளைகளோடு வருவது, நம் 230 வோல்ட் வீட்டுக்கென்று இறக்குமதி செய்து அவதிப்பட வேண்டாம். நம் வீட்டுக்குப் பொருந்துபவை ஷெல்லியின் இரண்டாம் தலைமுறை முதலான சிறு ரிலே கருவிகள். அவற்றுக்குள் சிறு நிரல் எழுதி வைக்கலாம், ரவுட்டரைக் காவல் காக்கும் நிரலுக்கு நிறுவனமே மாதிரி தருகிறது, அது தயாரிப்பாளரின் சர்வர் இல்லாமலும் கருவிக்குள்ளேயே ஓடும். டாஸ்மோட்டாவிலும் முடியும், ஆனால் அதற்கு வேண்டிய பிங் வசதி (முகவரியைத் தொட்டுப் பார்ப்பது) ப்ளக்குகளில் பரவலாக உள்ள இ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சில்லுக்கான வழக்கமான தொகுப்பில் சேர்க்கப்படுவதில்லை, நீங்களே தொகுக்க வேண்டியிருக்கும். அதில் பழக்கம் இல்லாதவர்களை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். ரவுட்டருக்கு மினி யு.பி.எஸ். இருக்கிறதா? மின்தடையின்போதும் இணையம் வேண்டும் என்பதற்காக, அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் கையகல மின்கலப் பெட்டி ஒன்று வைப்பது இப்போது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அப்படி இருந்தால், சுவர் ப்ளக் பாயின்ட்டில் மாட்டிய ஸ்மார்ட் ப்ளக் அணைந்ததும் ரவுட்டர் அணையவே அணையாது, மினி யு.பி.எஸ். மின்தடை என்று நினைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றும். கருவி கிளிக் என்று ஒலிக்கும், செயலி அணைந்துவிட்டது என்று காட்டும், ரவுட்டரோ உறைந்த நிலையிலேயே இருக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் வெட்ட வேண்டிய இடம் மினி யு.பி.எஸ்.ஸுக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள 12 வோல்ட் கம்பி. ஷெல்லியின் பிளஸ் 1 போன்ற ரிலேக்கள் 12 வோல்ட் நேர்மின்சாரத்திலேயே இயங்கக் கூடியவை, அவற்றின் தொடர்பு முனைகளில் மின்சாரம் எதுவும் கலந்திருக்காது என்பதால் நேர்முனைக் கம்பியை மட்டும் வெட்டி அவற்றின் வழியாகச் செலுத்தலாம். ரிலேக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த வெட்டுக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும், இல்லையேல் ரிலே தன்னையே அணைத்துக்கொள்ளும். அடாப்டரின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து நேர்முனை நடுவிலா வெளியிலா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 230 வோல்ட்டைத் தொடாத வேலை என்பதால் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவரே இதைச் செய்யலாம். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால், மூன்று முனை ரிலே ஒன்றை வாங்கி, ஓய்வு நிலையில் மூடியிருக்கும் முனையில் ரவுட்டரை இணைத்துவிடச் சொல்வேன். கட்டுப்படுத்தும் சில்லு என்றைக்காவது செத்துப்போனாலும் ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

வீடு முழுவதற்குமான இன்வெர்ட்டர் மட்டும் இருந்து மினி யு.பி.எஸ். இல்லையென்றால் இந்தச் சிக்கல் இல்லை. இன்வெர்ட்டர் இணைப்புள்ள ப்ளக் பாயின்ட்டில் கருவியை வைத்தால் போதும்.

மின்சாரம் திரும்பும்போது ப்ளக் எந்த நிலையில் எழுகிறது என்பதும் முக்கியம். சில ப்ளக்குகள் அணைந்த நிலையிலும், சில கடைசியாக இருந்த நிலையிலும், சில போட்ட நிலையிலும் எழுகின்றன. ரவுட்டருக்கு எப்போதும் போட்ட நிலைதான் வேண்டும். இதை அமைக்காமல் விட்டவர்களின் வீட்டில், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்திப் பிற்பகலில் கொடுக்கும் மின்சாரத்தோடு இணையம் திரும்புவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோல, பாதுகாப்புக்காகப் பகுதி முழுவதும் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் நாட்களில் எந்தத் தொலைக் கருவியும் எதையும் செய்யாது. அப்போது செய்யக் கூடியதெல்லாம், மின்சாரம் வந்த அந்த நொடியில் யாரும் தொடாமல் எல்லாம் தானாக எழும்படி முன்பே அமைத்து வைப்பதுதான்.

காவல் ஏற்பாடும் கைவிட்ட நேரத்துக்கு, ரவுட்டரைச் சாராத இரண்டாவது பாதை ஒன்று வைத்துக்கொள்ள விரும்புவீர்கள். நம் ஊர் விவசாயிகள் இதில் நம்மைவிட முன்னோடிகள். வயலில் இணையம் ஏதும் இல்லாமலே சிம் கார்டு பொருத்திய ஸ்டார்ட்டருக்குக் கைபேசியில் அழைத்து மோட்டாரைப் போடுகிறார்கள், அணைக்கிறார்கள். அதே போன்ற சிம் வகை ரிலேக்கள் வீட்டுக்கும் கிடைக்கின்றன. மலிவான பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 2ஜி மாடம். ஜியோவின் வலை 4ஜியிலிருந்தே தொடங்குவது என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. 2ஜி வைத்திருக்கும் வலையின் சிம் வேண்டும், அல்லது 4ஜி மாடம் உள்ள பெட்டி வேண்டும். சிம்முக்கு மறக்காமல் ரீசார்ஜ் செய்துவரவும் வேண்டும், அதுதான் இதன் பலவீனம். இதைவிட எளிய ஒரு வழி இருக்கிறது. ஷெல்லியிலும் டாஸ்மோட்டாவிலும் இரண்டாவது வைஃபை பெயர் ஒன்றைப் பதிந்து வைக்கலாம். அம்மாவின் கைபேசி ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் கொடுத்துவிட்டால், ரவுட்டரின் வைஃபை செத்துப்போன வேளையில் அம்மா ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் ப்ளக் அதன் வழியாக வெளியே வரும், நீங்கள் புனேயிலிருந்து கட்டளை கொடுக்கலாம். ஸ்டூல் தேவையில்லை. சில கைபேசிகளின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பும். இத்தகைய ப்ளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும் என்பதால் கைபேசியில் அதைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும்.

டி.வி.ஆருக்கு வருவோம். ரவுட்டர் உயிரோடு இருக்கும்வரை சாதாரண ஸ்மார்ட் ப்ளக்கே போதும். ஆனாலும் முதலில் அதன் மெனுவிலுள்ள மறுதொடக்கக் கட்டளையைத் தொலைவிலிருந்து முயலுங்கள். அது பதிலே சொல்லாதபோது மட்டும் மின்சாரத்தை வெட்டுங்கள், உள்ளே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கேமராக்களுக்குத் தனி மின்பெட்டி இருந்தால், தொங்கிப்போனது கேமராவா டி.வி.ஆரா என்று பார்த்து உரியதை அணைக்க வேண்டும். கேமராக்கள் பி.ஓ.இ. ஸ்விட்ச்சிலிருந்து (வலைக் கம்பியிலேயே மின்சாரமும் அனுப்பும் பெட்டி) மின்சாரம் பெறுபவை என்றால், நிர்வகிக்கக் கூடிய ஸ்விட்ச்சில் ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக அணைத்துப் போடலாம், ப்ளக்கே வேண்டாம்.

என்.ஏ.எஸ்.ஸுக்கு வேண்டாம் என்று சொன்னது ஏனென்றால், திடீரென்று மின்சாரம் அறுந்தால் பாதி எழுதிய கோப்பும், சில சமயம் கோப்பு முறைமையே சேதமாகலாம். அதில் இருப்பது குடும்பப் படங்கள். முறையாக நிறுத்தும் கட்டளையை அனுப்பி, அது அணைந்த பிறகு மின்சாரத்தை வெட்டிப் போடுவது மட்டுமே பாதுகாப்பு. மின்சாரம் வந்ததும் தானாக எழும் அமைப்பு என்.ஏ.எஸ்.களிலும் கணினிகளின் பயாஸ் என்ற தொடக்க அமைப்பிலும் இருக்கும். அதை இயக்கியிருக்காவிட்டால் ப்ளக் மின்சாரம் கொடுத்தாலும் பெட்டி படுத்தேதான் கிடக்கும். உறைந்த ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளுக்கும் இதே எச்சரிக்கை, எஸ்.டி. கார்டுகள் இந்த அடியை அதிகம் தாங்குவதில்லை.

ஒருமுறை வசதி வந்துவிட்டால் மற்றவற்றையும் இதில் மாட்டத் தோன்றும். குளிர்சாதனப் பெட்டியை மாட்டாதீர்கள். அணைந்த கம்ப்ரசரைச் சில விநாடிகளில் மீண்டும் போட்டால் உள்ளழுத்தம் சமமாகாமல் அது திணறும். போர்வெல் மோட்டார், ஏ.சி. போன்றவற்றின் தொடக்க மின்னோட்டத்தைச் சிறு ரிலே தாங்காது. முனைகள் ஒட்டிக்கொண்டு, அணைத்தும் அணையாத நிலை வரும். அயர்ன் பாக்ஸ் முதலிய சூடாகும் சாதனங்களைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் தொலைவிலிருந்து போடுவது தீயோடு விளையாடுவது. ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற மருத்துவக் கருவிகளை எந்தக் காரணத்துக்காகவும் இதில் இணைக்கக் கூடாது. ரவுட்டரும் டி.வி.ஆரும் சில பத்து வாட்களுக்குள் அடங்குபவை, 6 ஆம்பியர் பாயின்ட்டே அவற்றுக்கு மிகத் தாராளம். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ப்ளக் ஊசிகளைக் களிம்பேற வைக்கும் என்பதால், பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. சுவருக்குள் பதிக்கும் ரிலேயை எலக்ட்ரீஷியனைக் கொண்டே பொருத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்பவராகப் பார்த்து அழையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி. ப்ளக்கின் அமைப்புப் பக்கத்தை ரவுட்டரில் துளை திறந்து நேரடியாக இணையத்தில் காட்டாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் கைப்பற்றியது, பெரும்பாலும் தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததால்தான். மின்சாரத்தையே வெட்டக் கூடிய கருவி அந்நியர் கையில் போவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். எப்படியும் இங்கு பல இணைப்புகளில் வெளியிலிருந்து நேரடியாக நுழைய வழி கிடையாது. ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அறியலாம். டெய்ல்ஸ்கேல் போன்ற தனி வலை அந்த நிலையிலும் உள்ளிருந்து வெளியே தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் என்பதால் உங்களுக்கு அது ஏற்றது; வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கருவியில் நிறுவ வேண்டும், உங்கள் என்.ஏ.எஸ். அதை ஏற்றால் அதுவே போதும். தயாரிப்பாளரின் சர்வரை மட்டும் நம்பும் ப்ளக்கை வாங்குவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்தியது. பெல்கின் தன் வீமோ கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கான ஆதரவை 2026 ஜனவரி 31உடன் முடிப்பதாக அறிவித்தது. வீட்டு வைஃபைக்குள்ளேயே கட்டுப்படுத்த முடியும் என்று பெட்டியிலோ கையேட்டிலோ உறுதியாகச் சொல்லாத ப்ளக்கை ரவுட்டர் வேலைக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அடுத்த விடுப்பில் சென்னை வந்ததும் முதலில் அடாப்டரை மாற்றி, இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலைக்குத் திருப்பி, ரவுட்டரைப் பரணிலிருந்து இறக்க முயல்வேன். அதிகாலை மறுதொடக்கத்தையும் வைத்துவிடுவேன். அதற்குமேலும் தேவைப்பட்டால் மட்டும் காவல் நிரலோடு ஒரு ஷெல்லி, அம்மாவின் ஹாட்ஸ்பாட் இரண்டாவது வைஃபையாக. பொருத்தியவுடன் இரண்டு சோதனைகளைச் செய்ய வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, வைஃபை இருக்கும்போதே கருவி 10 நிமிடத்தில் அணைத்துப் போடுகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பிறகு ரவுட்டரின் வைஃபையையும் நிறுத்தி, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். முதலில் தேறிய கருவிகள் இங்கேதான் தோற்கின்றன. இரண்டையும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே முடித்துவிட்டு, ரயில் ஏறுமுன் ப்ளக்கின் மேலுள்ள கைப்பொத்தான் எங்கிருக்கிறது என்பதை அப்பாவுக்குக் காட்டிக் கொடுங்கள்.